ஒட்சிசன் சென்ஸர்: எந்த வண்டிக்குத் தேவை, எந்த வண்டிக்குத் தேவையில்லை?

அண்மைக்காலமாக திம்புள்ள, பத்தனை, கொட்டகலைப் பக்கத் தோட்டங்களில் நம்மிடம் வரும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. "சேர், கராஜுல ஒட்சிசன் சென்ஸர் போயிருச்சுன்னு சொல்றாங்க. அது இல்லாட்டி வண்டி ஓடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். "தோட்ட ரோட்டுக்கு அதெல்லாம் எதுக்கு, கழட்டி வீசுன்னு பாஸ் சொல்றாரு" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுப் பணம் செலவழித்தவர்கள் உண்டு.

நலன்புரி வேலைக்கும் வண்டியின் சென்ஸருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். லீசிங்கில் எடுத்த ஓட்டோவோ சிறிய காரோ இன்று பல குடும்பங்களின் இரண்டாவது வருமானம். இரவு ஒரு மணிக்குப் பிரசவ வலி வந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். அது பெற்றோலைக் கூடக் குடித்தால் அந்தக் காசு அடுப்படியிலிருந்தும் பிள்ளைகளின் கொப்பிக் காசிலிருந்தும்தான் போகும். 2022 இல் கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் என்று அளந்து கொடுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

பெற்றோல் தனியாக எரியாது, காற்றும் வேண்டும். 1 கிலோ பெற்றோல் சரியாக எரிந்து முடிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. காற்றுக்கு என்ன பெரிய நிறை என்று நினைப்போம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றர் அளவு காற்று வேண்டியிருக்கிறது. காற்றுக் குறைந்து பெற்றோல் கூடினால் கரும்புகை, பெற்றோல் வாடை, வீண்செலவு. பெற்றோல் குறைந்து காற்றுக் கூடினால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும், இழுவையும் இருக்காது.

இந்தக் கலவை சரியா பிழையா என்பதைப் புகையைப் பார்த்துச் சொல்வதுதான் ஒட்சிசன் சென்ஸர். பார்வைக்குப் பிளக் மாதிரி இருக்கும். புகைக்குழாயில், எஞ்சினுக்குக் கிட்டவாக, மரையில் முடுக்கியிருப்பார்கள். உள்ளே சேர்க்கோனியா என்ற ஒருவகைப் பீங்கான் உண்டு. அது சுமார் 300 பாகை சூடானதும் வேலை செய்யத் தொடங்கும். புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் ஏறக்குறைய 0.1 வோல்ட், பெற்றோல் கூடி ஒட்சிசன் இல்லாமல் போனால் ஏறக்குறைய 0.9 வோல்ட் மின்சாரம் காட்டும். வண்டியின் கொம்பியூட்டர் பெட்டி அதைப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். கறியை ருசி பார்த்து உப்புப் போடுவது போலத்தான்.

இது எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஞ்சினுக்குப் பலம் கொடுக்க இது வரவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாகனப் புகையால் ஊரே மூடியபோது கடும் சட்டங்கள் போட்டார்கள். அங்கே விற்பதற்காக வொல்வோ கம்பனி 1976 இல் பொஷ் நிறுவனத்தின் சென்ஸரைப் பூட்டிய கார்களைக் கொண்டுவந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வேட்டர் என்ற டப்பா ஒழுங்காக வேலை செய்யக் கலவை அந்த 14.7 ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அதற்குத்தான் சென்ஸர். ஈயம் கலந்த பெற்றோல் சென்ஸரையும் கன்வேட்டரையும் கெடுத்துவிடும். நமது நாட்டில் ஈயப் பெற்றோல் 2002 இல்தான் நிறுத்தப்பட்டது.

அப்படியானால் சென்ஸர் இல்லாமல் எஞ்சின் நன்றாக ஓடாதா? தாராளமாக ஓடும். நமது மலைநாட்டையே சாட்சியாகச் சொல்லலாம். கொழுந்து மூட்டை இழுத்த பழைய மெஸி ஃபெர்கியூசன் ட்ரக்டரில் இந்த சென்ஸர் கிடையாது. துரைமார் ஓட்டிய பழைய லாண்ட் ரோவரிலும் கிடையாது, சேற்றிலும் கல்லிலும் ஏறிய மிற்சுபிஷி டீசல் ஜீப்பிலும் கிடையாது. புல் வெட்டும் மெஷினிலும் மருந்தடிக்கும் மெஷினிலும் பொதுவாக இருக்காது. அவை ஓடவில்லையா?

டீசலுக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. பழைய டீசல் எஞ்சின் எப்போதும் முழுக் காற்றையும் இழுத்துக்கொள்ளும். மிதிக்கிற அளவுக்கு டீசல் மட்டும் கூடிக் குறையும். ஆகவே 14.7 என்ற கணக்கே அதற்கு இல்லை. ட்ரக்டர் கரும்புகை கக்கினால் எயார் ஃபில்டர், நொசில், பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒட்சிசன் சென்ஸர் பூட்டலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். புதிய கொமன் ரெயில் டீசல் வாகனங்கள் சிலவற்றில் சென்ஸர் உண்டு. அது புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்தது.

அடுத்தது கார்புரேட்டர் வண்டிகள். லயத்து வாசல்களில் நிற்கும் பழைய பஜாஜ் ஓட்டோக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றிலும் சென்ஸர் இல்லை, பூட்டினாலும் அது சொல்வதைக் கேட்க உள்ளே கொம்பியூட்டர் இல்லை. ஆனால் நம்ம ஊரில் கார்புரேட்டருக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. அது உயரம். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்று ஐதாகும். கொழும்பில் காற்று 100 பங்கு என்றால் ஹட்டனில் ஏறக்குறைய 88, நுவரெலியாவில் 83 பங்குதான். கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழ்நாட்டுக்குச் சரியாக வைத்த ஜெட், நுவரெலியாவில் தேவையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடப் பெற்றோலை விடும். கொழும்புப் பக்கம் வாங்கி வந்த ஓட்டோ "இங்க வந்ததும் குடிக்குது, பிளக் கறுத்துப் போவுது" என்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

இதற்கு ஒரு நல்ல பாஸ் கலவை ஸ்க்ரூவைத் திருத்தி, தேவைப்பட்டால் ஓர் அளவு சிறிய மெயின் ஜெட் போட்டுத் தருவார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சிறிய ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கி வேகமாக ஓடினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துவிடக்கூடும். மலையில் மட்டும் ஓடும் வண்டிக்குத்தான் இந்த வைத்தியம்.

மூன்றாவது வகையில்தான் உண்மையான பிரச்சினை. மாருதி ஆல்ட்டோ 800, சுசுகி எவ்ரி போன்ற இன்ஜெக்ஷன் வண்டிகள் இப்போது தோட்டப் பாதைகளுக்கும் வந்துவிட்டன. இவற்றில் காற்றின் அளவைக் கணிக்க வேறு சென்ஸர்கள் இருப்பதால் மலை ஏறும்போது பெற்றோல் தானாகவே பெருமளவு சரியாகிவிடும். மிச்சமிருக்கும் சின்னச் சின்ன வித்தியாசத்தை ஒட்சிசன் சென்ஸர் திருத்தும். அதைக் கழற்றினால் வண்டி நிற்காது. கொம்பியூட்டர் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கில் ஓட்டும். பயத்துக்குக் கொஞ்சம் பெற்றோலைக் கூடவே விடும் வண்டிகள்தான் அதிகம். மீற்றர் தட்டில் மஞ்சள் விளக்கு அணையாது. மாதக்கணக்கில் இப்படி ஓடினால் எரியாத பெற்றோல் கன்வேட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடலாம். உருகிய கன்வேட்டர் புகையை அடைத்தால் அப்போதுதான் வண்டி மலை ஏறாமல் மூச்சு வாங்கும். சென்ஸரைவிட கன்வேட்டர் பல மடங்கு விலை.

இன்னொன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், அக்சிலேட்டரை அடிவரை மிதித்து ஏறும்போதும் பெரும்பாலான வண்டிகள் இந்த சென்ஸரைப் பார்ப்பதே இல்லை. ஆகவே "நானுஓயா ஏத்தத்துல இழுக்குதில்ல" என்ற முறைப்பாட்டுக்கு சென்ஸரைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் சரியில்லை. கிளட்ச், எயார் ஃபில்டர், பெற்றோல் ஃபில்டர், அடைத்த கன்வேட்டர் இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்ட ரோடு சென்ஸருக்கு எதிரிதான், இல்லை என்று சொல்ல முடியாது. கல் பட்டு வயர் அறும். கொதிக்கும் சென்ஸரில் பள்ளத்துத் தண்ணீர் அடித்தால் பீங்கான் வெடிக்கும். எஞ்சின் ஒயில் எரிந்தாலும் அதன் மேல் படிந்து மந்தமாக்கும். ஆனால் நாம் பார்த்த அளவில் அதிகமாக ஏமாற்றுவது வேறொன்று, புகைக்குழாயில் ஓட்டை. மழையில் துருப்பிடித்தோ கல் இடித்தோ சென்ஸருக்கு முன்னால் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போகும். சென்ஸர் அந்தக் காற்றைப் பார்த்து "ஒட்சிசன் மிஞ்சுது, பெற்றோல் போதாது" என்று சொல்லும். கொம்பியூட்டர் பெற்றோலை அள்ளி விடும். இங்கே சென்ஸர் நல்லதுதான். அதற்குக் கிடைத்த தகவல்தான் பொய். பழுதான பிளக்கும் இதே வேலையைச் செய்யும், எரியாமல் போன காற்று அப்படியே புகைக்குழாய்க்கு வந்துவிடுவதால்.

ஒரு தம்பி இப்படித்தான் ஒரு கராஜில் இரண்டு முறை சென்ஸர் மாற்றினார். விளக்கு அணையவில்லை, பெற்றோலும் குறையவில்லை. கடைசியில் வெல்டிங் கடையில் குழாயின் ஓட்டையை அடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு சென்ஸர் காசும் போனது போனதுதான்.

ஆகவே மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேனர் போட்டு என்ன குறியீடு வருகிறது என்று எழுதி வாங்குங்கள். பிறகு புகைக்குழாய் ஓட்டை, பிளக், வயர். நான்கு வயர் உள்ள சென்ஸரில் இரண்டு வயர் அதைச் சூடாக்கும் ஹீட்டருக்கானவை. அந்த ஹீட்டரின் பியூஸ் எரிந்திருந்தாலும் "சென்ஸர் கோளாறு" என்றே காட்டும். ஒரு பியூஸின் விலை எவ்வளவு, ஒரு சென்ஸரின் விலை எவ்வளவு! சில வண்டிகளில் கன்வேட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சென்ஸர் இருக்கும். பெற்றோலைத் திருத்துவது முக்கியமாக முன்னால் உள்ளது. பின்னால் உள்ளது கன்வேட்டரைக் கண்காணிக்க. எது பழுது என்று கேட்காமல் இரண்டையும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.

கன்வேட்டரைக் கழற்றித் தந்தால் காசு தருகிறோம் என்று பழைய சாமான் வாங்குகிறவர்கள் வருவதுண்டு. அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. சும்மா யாரும் கேட்க மாட்டார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டு, வருடாந்த லைசனுக்கு வேண்டிய புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டால் வேறு ஒன்று வாங்க வேண்டியது நீங்கள்தான். 2008 முதல் இந்தப் பரிசோதனை நடக்கிறது. பெற்றோல் வண்டியில் காபன் மொனொக்சைட்டையும் எரியாத பெற்றோலையும் அளப்பார்கள். கலவை கூடினால் இரண்டும் கூடும்.

அந்தக் காபன் மொனொக்சைட் பற்றி வீட்டிலுள்ள அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். குளிர்காலக் காலையில் லயத்து வாசலை ஒட்டி ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி, சூடாகட்டும் என்று விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவது வழக்கமாக இருக்கிறது. குளிர் எஞ்சினில் கலவை எப்போதும் கூடத்தான் இருக்கும். சென்ஸர் இருந்தாலும் அந்த நேரத்தில் அது வேலை செய்யாது. பிள்ளைகள் படுத்திருக்கும் காம்பராவுக்குள் புகை போகாதபடி வண்டியை ரோட்டுக்குத் தள்ளிக் கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். தகரக் கொட்டிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடவே வேண்டாம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிகிறதா, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியும் அது எரியவே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். பல்பைக் கழற்றியிருக்கலாம்.