மாட்டின் மேல் விழுந்த பழி

1990-களில் ஸ்காட்லாந்தின் மாட்டுப் பண்ணைகளில் 104 என்ற எண்ணைச் சொன்னால் போதும், கேட்டவருக்கு வயிற்றைக் கலக்கும். கன்றுகள் கழிந்து, துவண்டு, செத்துக்கொண்டிருந்த காலம். அதே ஆண்டுகளில் மனிதர்களும் காய்ச்சலும் பேதியுமாகப் படுத்தார்கள். இரு தரப்பிலும் பிடிபட்டது சால்மோனெல்லா டைஃபிமூரியம். அதிலும் டிடி104 என்ற வகை. ஆம்பிசிலின், குளோராம்ஃபெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபோனமைடு, டெட்ராசைக்ளின் என ஐந்து மருந்துகளுக்கும் அசைந்து கொடுக்காத கிருமி.

சால்மோனெல்லா பேதி பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலே சில நாளில் அடங்கிவிடும். குழந்தைக்கோ முதியவருக்கோ கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டால்தான் மருந்தின் அருமை தெரியும். அந்த நேரத்தில் ஐந்து மருந்து பலிக்காது என்றால் மருத்துவர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

பழி மாட்டின் மேல் விழுந்தது. விழுந்ததில் நியாயமும் இருந்தது. பண்ணைகளில் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுப்பது பற்றிய பயம் பிரிட்டனுக்குப் புதிதல்ல. 1960-களில் கன்றுகளிடையே பரவிய இன்னொரு டைஃபிமூரியம் வகை கிளப்பிய கவலையில்தான் ஸ்வான் குழு அமைந்து, 1969-இல் தன் அறிக்கையைத் தந்தது. டென்மார்க்கிலோ 1998-இல் டிடி104 தாக்கி 25 பேருக்கு நோய் உறுதியாகி, இருவர் இறந்தனர். தடம் பிடித்துப் போனவர்கள் ஒரு பன்றிப் பண்ணையில் போய் நின்றார்கள். இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு ஸ்காட்லாந்து மாட்டின் மேல் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் இரண்டும் ஒரே கிருமி என்று எதை வைத்துச் சொன்னார்கள்? தட்டு முழுக்கக் கிருமியைப் படரவிட்டு, அதைக் கொல்லும் வைரஸ்களான பேஜ்களை வகைக்கு ஒரு சொட்டாக அதன் மேல் வைப்பார்கள். எந்தச் சொட்டு விழுந்த இடத்தில் கிருமி செத்து வட்டமாகத் தெளிகிறது, எங்கே மங்கல் கலையாமல் நிற்கிறது என்று பார்த்து எண் போடுவார்கள். 104 அப்படி வந்த எண்தான். பழகிய கண்ணும் பொறுமையும் கேட்கும் வேலை. பல பத்தாண்டுகள் நன்றாகவே பயன்பட்டது. என்றாலும் மாட்டின் சாணத்தில் கிடைத்ததும் 104, நோயாளியின் மலத்தில் கிடைத்ததும் 104 என்று சொல்லி முடித்தபின் அந்தச் சோதனைக்கு மேற்கொண்டு பேச வாய் இல்லை.

மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரங்கள் மலிவானபின் நிலைமை மாறியது. சால்மோனெல்லாவின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 48 லட்சம் எழுத்துகள். கிருமி பெருகும்போது எங்காவது ஓர் எழுத்து பிசகும். டிடி104-இல் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பிசகுகள் நிலைத்துவிடுகின்றன. நிலைத்த பிசகு வாரிசுகளுக்கும் போகும். ஆகவே எந்தப் பிசகு யார் யாருக்குப் பொது என்று ஒப்பிட்டால் போதும். எந்தக் கிருமிக்கு எது பங்காளி, எந்த ஆண்டுவாக்கில் பாகம் பிரிந்தார்கள் என்பதுவரை வம்சாவளி போட்டுவிடலாம்.

அலிசன் மேதரும் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள சாங்கர் நிறுவனத்து ஆய்வாளர்களும், கிளாஸ்கோ உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அதைத்தான் செய்தார்கள். மேதருக்கு ஐயம் முன்பே கிளம்பியிருந்தது. மாடுதான் மனிதனுக்குக் கொடுக்கிறது என்றால், மனிதனிடம் காணும் மருந்து எதிர்ப்புச் சேர்க்கைகள் எல்லாம் மாட்டிடமும் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது மனிதர்களிடம்தான் வகைகள் கூடுதல். சில சேர்க்கைகள் மாட்டிடம் தென்படவே இல்லை. கொடுத்தவரிடம் இல்லாத பொருள் வாங்கியவரிடம் எப்படி வந்தது?

1990 முதல் 2011 வரை சேமிக்கப்பட்டிருந்த 373 கிருமிகளை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். பெரும்பகுதி ஸ்காட்லாந்தில் மனிதர்களிடமும் விலங்குகளிடமும் எடுத்தவை. மீதி பிற நாடுகளிலிருந்து வந்தவை. முடிவு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. மாடு முதலான விலங்குகள்தான் மூலம் என்றால், வம்சாவளியில் விலங்குக் கிளைகளுக்குள்ளிருந்து மனிதக் கிளைகள் திரும்பத் திரும்ப முளைத்திருக்க வேண்டும். அப்படி இல்லை. மனிதக் கிருமிகள் பெரும்பாலும் மனிதக் கிருமிகளோடும், விலங்குக் கிருமிகள் விலங்குக் கிருமிகளோடும் கூடி நின்றன. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவியவை உண்டு, ஆனால் குறைவு. ஒரே கொள்ளைநோய் என்று எல்லோரும் நினைத்தது, அக்கம்பக்கத்தில் ஓடிய இரண்டு கொள்ளைநோய்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதை மாட்டுக்கு முழு விடுதலை என்று படிக்கக் கூடாது. ஆய்வு சொன்னது உள்ளூர் விலங்குகளைப் பற்றி மட்டும்: ஸ்காட்லாந்து மனிதர்களிடம் இருந்த மருந்து எதிர்ப்பு வகைகளுக்கு அவை முக்கிய மூலமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. இறக்குமதியான உணவு, வெளிநாட்டுப் பயணம் போன்ற வழிகளையும் தேட வேண்டும் என்றார்கள். எங்கோ தொலைதூர நாட்டின் பண்ணை இதில் இருக்கலாம். பண்ணையில் ஆன்டிபயாடிக்கைக் குறைக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுப்பது, என் பார்வையில், அழுகுணி ஆட்டம்.

நேர்மாறான கதையும் பிரிட்டனிலேயே உண்டு. இங்கிலாந்தில் 2014 முதல், நோயாளிகளிடமிருந்து லண்டனின் கோலிண்டேல் ஆய்வகத்துக்கு வரும் சால்மோனெல்லாக்களை வழக்கமாகவே வரிசைப்படுத்துகிறார்கள். அதில் சால்மோனெல்லா என்டரிடிடிஸ் வகையில் ஒரு கூட்டம் தனித்துத் தெரிந்தது. என்டரிடிடிஸ் என்றதும் கோழி முட்டையைத்தான் யாரும் முதலில் சந்தேகிப்பார்கள். இங்கே தடம் போய் நின்றது வீட்டில் வளர்க்கும் பாம்புகளிடம். பாம்பிடமும் நிற்கவில்லை, பாம்புக்கு இரையாக உறையவைத்து விற்கப்படும் எலிகளிடம் போனது. உறைய வைத்தால் சால்மோனெல்லா சாகாது. எலிப் பொட்டலம் வீட்டுப் ஃப்ரீசருக்குள் இருக்கும். சமையலறையில் வைத்து உருக்குவார்கள். அதே மேடையில் பிள்ளைக்கு ரொட்டி வெட்டுவார்கள். 2015-இலிருந்து 2021-க்குள் கணக்கில் வந்த நோயாளிகள் 850 பேர். ஏறத்தாழப் பாதிப்பேர் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். எலியை மைக்ரோவேவில் உருக்காதீர்கள் என்று அரசு அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது!

எழுத்துகள் ஒத்துப்போவதால் மட்டும் வழக்கு முடிவதில்லை. வீட்டில் பாம்பு உண்டா, அதற்கு என்ன போடுகிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள் என்று ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். எலியையும் சோதிக்க வேண்டும். வம்சாவளியில் ஏறுவது யாரோ மாதிரி எடுத்த கிருமி மட்டும்தான். நோயாளி தானாக ஆஸ்பத்திரிக்கு வருவார், நோவு தெரியாமல் கிருமியைச் சுமக்கும் மாடு வராது. நம்மூரில் நோயாளியின் பாடும் அதேதான். பேதி என்றால் மருந்துக்கடை மாத்திரையோடு முடிகிறது. மலத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது அபூர்வம். கிருமியே கைக்கு வராதபோது எந்த இயந்திரம் எதைப் படிக்கும்?

டைபாய்டு தருவதும் சால்மோனெல்லாதான். ஆனால் அந்த வகை மனிதனைத் தவிர வேறு உயிரில் குடியிருப்பதில்லை. சந்தேகப்பட மாடும் எலியும் இல்லாத அந்த வழக்கில், மருந்துக்கு அடங்காத ஒரு கிளை ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை போன பாதையை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)