ரொட்ஸ்கியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே, வல்வெட்டித்துறையை உள்ளடக்கியிருந்த பருத்தித்துறைத் தொகுதி, கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளரான பொன். கந்தையா அவர்களைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்தது. அத்தேர்தலில் அக்கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்த ஆசனங்கள் 3 மட்டுமே. அவற்றுள் ஒன்று வடமராட்சி மக்கள் அளித்ததாகும். அதே பாராளுமன்றத்தில் லங்கா சமசமாஜக் கட்சி 14 உறுப்பினருடன் அமர்ந்திருந்தது. அதன் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார். இவ்விரு கட்சிகளும் மார்க்சியத்தையே தம் கொள்கையாகக் கொண்டவை. இரண்டும் அவ்வாண்டில் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்தவை. அவ்வாறாயின் அவை இரு கட்சிகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று ஐயுறவோடு நோக்கி வந்தமைக்குக் காரணம் யாது?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் கடந்து, 1920களின் மொஸ்கோ நகருக்குச் செல்லவேண்டியவராவர். லெனினுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட லியோன் ரொட்ஸ்கி என்பார், ஒரு சில ஆண்டுகளுக்குள் அதிகாரமிழந்து, நாடிழந்து, ஈற்றில் உயிருமிழந்த வரலாறே இலங்கை இடதுசாரி இயக்கத்தின் முதற் பிளவுக்கு வித்தாயிற்று. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அது எமது நாட்டில், சிறப்பாகத் தமிழ் பேசும் மக்கள் தொடர்பில், எவ்வாறு மீண்டும் நிகழ்ந்தது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுச்சி

ரொட்ஸ்கியின் இயற்பெயர் லெவ் டவிடோவிச் புரொன்ஸ்டைன். 1879ஆம் ஆண்டிலே, அன்று ரஷ்யப் பேரரசின் பகுதியாயிருந்த உக்ரேனில், ஒரு யூதக் கமக்காரக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பத்தொன்பதாவது வயதிற் சிறைப்பட்டு, சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1902இல் அங்கிருந்து தப்பியபோது புனைபெயராக ஏற்றுக்கொண்டதே ரொட்ஸ்கி என்னும் பெயர். 1903இல் ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சி போல்ஷ்விக், மென்ஷ்விக் என இரண்டாகப் பிரிந்தவேளை அவர் லெனினுக்கு எதிரணியிலேயே நின்றார். கட்சியை ஒரு சிறு தலைமைக் குழுவின் கையில் ஒப்படைக்கும் அமைப்புமுறை, காலப்போக்கில் ஒரு தனிமனிதனின் ஆட்சியிற் சென்று முடியும் என அவர் 1904இல் எச்சரித்தமை ஈண்டு நினைவுகொள்ளற்பாலது.

1905ஆம் ஆண்டுப் புரட்சியிலே பீற்றர்ஸ்பேர்க் சோவியத்தின் தலைமை, இருபத்தாறு வயதேயான அவரிடம் வந்தது. அப்புரட்சி தோற்றபின் மீண்டும் சிறையும் நாடுகடத்தலும் தொடர்ந்தன. 1917இல் நியூயோர்க்கிலிருந்து தாயகம் திரும்பிய அவர், அவ்வாண்டின் நடுப்பகுதியிலே போல்ஷ்விக் கட்சியில் இணைந்தார். சில மாதங்களிற் பெற்றோகிராட் சோவியத்தின் தலைவரானார். ஒக்டோபர் எழுச்சியை நேரில் நின்று நெறிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அவரே.

புதிய அரசில் முதலில் வெளிவிவகாரப் பொறுப்பையும், 1918 மார்ச் தொடக்கம் யுத்தப் பொறுப்பையும் அவர் ஏற்றார். சிதறிக்கிடந்த படைகளிலிருந்து செஞ்சேனையை உருவாக்கியமை அவரது பெருஞ்சாதனையாகும். ஸார் மன்னனிடம் பணிபுரிந்த பழைய படையதிகாரிகளையே, கட்சியின் கண்காணிப்பின் கீழ், புதிய சேனைக்குப் பயிற்சியளிக்க அவர் அமர்த்தினார். கவசப் புகையிரதமொன்றிலே போர்முனைக்குப் போர்முனை விரைந்து சென்று கட்டளையிட்டார். உள்நாட்டுப் போர் முடிவுறுங் காலத்தில் அச்சேனை ஐம்பது இலட்சம் பேரளவினதாக வளர்ந்திருந்தது. பேச்சு, எழுத்து, அமைப்பாற்றல், துணிவு ஆகிய நான்கும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைவது அரிது. ரொட்ஸ்கியிடம் அவை அமைந்திருந்தன.

வீழ்ச்சியின் வித்து

இத்தகைய ஒருவர் வீழ்ந்தமைக்கு ஆய்வாளர் பல காரணங் கூறுவர். பழைய போல்ஷ்விக்குகள் அவரைப் பிந்தி வந்தவராகவே கருதினர். அவரது செருக்கு தோழரையும் விலகச் செய்தது. தக்க தருணங்களில் நோய் அவரை முடக்கியது. யூத எதிர்ப்பு உணர்வும் ஓரளவு பயன்படுத்தப்பட்டது. 1922 ஏப்ரலிலே பொதுச் செயலாளர் பதவியைப் பெற்ற ஸ்டாலின், கட்சி நியமனங்களைத் தம் கைக்குட் கொண்டுவந்தார். போராலும் பஞ்சத்தாலும் களைப்புற்ற மக்கள் அமைதியையே நாடினர். ஜேர்மனியில் எதிர்பார்த்த புரட்சியும் 1923இற் பொய்த்தது. இவை யாவும் உண்மைகளே. ஆயினும் இவற்றோடு வைத்து எண்ணவேண்டிய பிறிதொரு காரணமும் உளது. தம்மைப் பிற்காலத்திற் காத்திருக்கக்கூடிய படைக்கலங்களை, அதிகாரத்தில் இருந்தபோது ரொட்ஸ்கி தாமே கைவிட்டார் என்பதே அது.

1921 மார்ச் மாதத்திலே இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தன. சுதந்திரமான சோவியத் தேர்தலைக் கோரிக் கிளர்ந்த குறொன்ஸ்ராட் கடற்படையினர் படைபலத்தால் ஒடுக்கப்பட்டனர். அந்நடவடிக்கைக்கு யுத்தப் பொறுப்பாளரான ரொட்ஸ்கி முழுமையாகத் துணைநின்றார். அதே வேளையிற் கூடிய கட்சியின் பத்தாவது மாநாடு, கட்சிக்குள்ளே தனி அணிகள் அமைவதைத் தடைசெய்தது. அத்தீர்மானத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார். பிற கட்சிகளின் வாய் முன்னரே அடைக்கப்பட்டிருந்தது. இப்போது ஆளுங் கட்சியினுள்ளும் சிறுபான்மைக் கருத்து குற்றமாயிற்று. 1904இல் எச்சரித்தவரே 1921இல் அதற்கு இசைந்தார்.

ஜோர்ஜியப் பிரச்சினை

ரொட்ஸ்கி கைவிட்ட இரண்டாவது படைக்கலம், தமிழ் வாசகரின் சிறப்பான கவனத்துக்குரியது. 1921இற் செஞ்சேனையால் கைப்பற்றப்பட்ட ஜோர்ஜியா, ஒரு சிறிய தேசிய இனத்தின் நாடு. அதனை ஆர்மீனியா, அசர்பைஜான் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே கூட்டாட்சியாக்கி, அதன் வழியே சோவியத் ஒன்றியத்துள் இணைக்க ஸ்டாலினும் ஒர்ஜோனிகிட்சேயும் முனைந்தனர். ஜோர்ஜியக் கம்யூனிஸ்ட் தலைவர்களே இதனை எதிர்த்தனர். எதிர்த்தவர்கள் அச்சுறுத்தப்பட்டனர். கருத்து மாறுபட்ட ஒருவரை ஒர்ஜோனிகிட்சே கைநீட்டி அறைந்தார்.

நோய்ப்படுக்கையில் இதனை அறிந்த லெனின் பெரிதும் அதிர்ச்சியுற்றார். 1922 டிசெம்பர் இறுதியிலே தேசிய இனப் பிரச்சினை பற்றி அவர் சொல்லி எழுதுவித்த குறிப்புகள், பெரிய இனத்தின் தேசியமும் சிறிய இனத்தின் தேசியமும் ஒரே தராசில் நிறுக்கப்படலாகாது என வற்புறுத்தின. பெரிய இனம் வெறும் சட்டச் சமத்துவத்தோடு அமையாது, சிறிய இனம் உற்ற அநீதிக்கு ஈடாகத் தானே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஸ்டாலினைப் பொதுச் செயலாளர் பதவியினின்று அகற்றும்படி 1923 ஜனவரியில் அவர் எழுதுவித்த குறிப்பும் இக்காலத்தினதே. 1923 மார்ச் 5ஆம் திகதி, ஜோர்ஜியர் பக்கம் நின்று வாதாடும்படி லெனின் ரொட்ஸ்கியை வேண்டினார். சில நாட்களில் நோய் முற்றி லெனின் பேசும் ஆற்றலை இழந்தார்.

அவ்வாண்டு ஏப்ரலிற் பன்னிரண்டாவது மாநாடு கூடியது. ஜோர்ஜியருக்காகப் புகாரினும் ரக்கோவ்ஸ்கியும் பேசினர். ரொட்ஸ்கியோ கைத்தொழில் பற்றிய அறிக்கையைச் சமர்ப்பித்தாரேயன்றி, லெனின் ஒப்படைத்த வழக்கை மாநாட்டு மேடையிலே தமது போராட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டாலினோடு உடனடி மோதலைத் தவிர்ப்பதே நன்றென அவர் எண்ணினார். அம்மாநாட்டின் பின் ஸ்டாலினின் நிலை உறுதிப்பட்டது.

ஆறு மாதங்களின் பின்னர், 1923 ஒக்டோபரில், கட்சியில் ஜனநாயகம் நலிந்துவிட்டதென ரொட்ஸ்கி கடிதம் எழுதினார். அதற்குக் கிடைத்த விடை, தனி அணி அமைத்தல் பத்தாவது மாநாட்டுத் தீர்மானத்துக்கு முரண் என்பதே. தாம் இசைந்த தடையே தம்மேல் வீசப்பட்டபோது அதனை மறுக்க அவரிடம் நியாயம் எஞ்சியிருக்கவில்லை. 1924 மே மாத மாநாட்டிலே, கட்சிக்கு எதிராக ஒருவர் சரியாயிருத்தல் இயலாது என்னும் பொருள்பட அவரே பேசியமை இந்நெருக்கடியின் உச்சநிலை எனலாம்.

நாடுகடத்தல்

எஞ்சிய வரலாறு விரைந்து செல்கின்றது. 1925 ஜனவரியில் யுத்தப் பொறுப்பு பறிக்கப்பட்டது. 1926இல், முன்னர்த் தம்மை எதிர்த்த சினோவியேவ், கமனேவ் ஆகியோருடன் ரொட்ஸ்கி கூட்டுச் சேர்ந்தார்; அது காலங்கடந்த கூட்டாயிற்று. 1927 நவம்பரில், புரட்சியின் பத்தாவது ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட அதே மாதத்தில், அவர் கட்சியினின்று நீக்கப்பட்டார். 1928இல் அல்மா அற்றாவுக்கும், 1929இல் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார். பின்னர் பிரான்சு, நோர்வே என அலைந்து, 1937 ஜனவரியில் மெக்சிக்கோவை அடைந்தார். 1936 தொடக்கம் 1938 வரை நடைபெற்ற மொஸ்கோ வழக்குகளிலே சினோவியேவ், கமனேவ், புகாரின் முதலியோர் மரண தண்டனைக்குள்ளாயினர். 1938இல் ரொட்ஸ்கியின் ஆதரவாளர் நான்காம் அகிலத்தை நிறுவினர். 1940 ஓகஸ்ட் 20ஆம் திகதி, சோவியத் உளவுத்துறை ஏவிய கொலைஞன் ஒருவனாற் பனிக்கோடரி கொண்டு தாக்கப்பட்டு, மறுநாள் அவர் உயிர்நீத்தார்.

இலங்கையில் எதிரொலி

தாயகத்திற் பெயரே அழிக்கப்பட்ட ஒருவரின் கொள்கை, உலகில் மிகச் சில நாடுகளிலேயே மக்கள் இயக்கமாக வேரூன்றியது. அவற்றுள் இலங்கை முதன்மையானது. 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோருட் பலர் மேலைநாட்டில் உயர்கல்வி கற்றவர். ரொட்ஸ்கியின் எழுத்துகளோடு அங்கேயே பரிச்சயமானோரும் அவருட் சிலர். மொஸ்கோவின் போக்கைக் கண்டித்துக் கட்சியின் நிருவாகக் குழு 1939 டிசெம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. அதனை ஏற்க மறுத்த கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோர் 1940இல் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் அமைத்த ஐக்கிய சோஷலிசக் கட்சியே 1943இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியாயிற்று. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவேயாகும்.

1940இல் பிரித்தானிய ஆட்சியினராற் சிறைவைக்கப்பட்ட என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் 1942 ஏப்ரலிற் சிறையினின்று தப்பினர். பின்னர்க் கட்சித் தலைவர்கள் பாக்குநீரிணையைக் கடந்து இந்தியா சென்று, அங்கு மறைந்திருந்து பணிபுரிந்தனர். வல்வெட்டித்துறை முதலாய வடகரைத் துறைகளுக்கும் தமிழகக் கரைக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய தோணிப் போக்குவரத்தை அறிந்தோர், அக்காலத்தில் அக்கடல் எத்துணை ஒடுங்கியதாய்த் தோன்றியிருக்கும் என்பதை உணர்வர்.

இக்கட்சி தமிழ் பேசும் மக்களுக்குத் துணைநின்ற காலமும் உண்டு. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அது எதிர்த்தது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வேண்டும் என்று 1955இல் அது கொழும்பு நகரமண்டபத்தில் நடத்திய கூட்டம் காடையராற் குழப்பப்பட்டது. 1956இல், ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் எனக் கொல்வின் ஆர். டி சில்வா பாராளுமன்றத்தில் எச்சரித்தார். வாக்கிழப்பையும் வசையையும் பொருட்படுத்தாது எடுத்த நிலைப்பாடுகள் இவை.

ஆயின் 1964 ஜூனிற் கட்சி சிறீமாவோ பண்டாரநாயக்காவின் அரசிற் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். நான்காம் அகிலம் கட்சியை விலக்கியது. சமரக்கொடி முதலிய சிறுபான்மையினர் பிரிந்தனர். சம அந்தஸ்துக் கோரிக்கை கைவிடப்பட்டது. 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடைபெற்ற ஊர்வலத்திலே இரு இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்டன. மொஸ்கோவின் பூசல் பிரித்துவைத்தவரை இவ்விடயம் ஒன்றுசேர்த்தது.

1972 மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பை வரைவித்த அமைச்சர் வேறெவருமல்லர். 1956இல் எச்சரித்த கொல்வினே. அவ்வமைப்புச் சிங்களத்தை அரசகரும மொழியாக உறுதிசெய்தது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கியது. சிறுபான்மையோருக்குக் காப்பாயிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை ஒழித்தது. மூன்றாண்டுகளில், 1975 செப்டெம்பரில், சமசமாஜக் கட்சி அரசினின்று வெளியேற்றப்பட்டது. 1977 தேர்தலில் அதற்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை. 1956இல் இடதுசாரி ஒருவரைத் தெரிவுசெய்த வடமராட்சியிலும், 1960 தொடக்கம் 1977 வரை உடுப்பிட்டி, பருத்தித்துறைத் தொகுதிகளில் இடதுசாரி எவரும் வெல்லவில்லை. வல்வெட்டித்துறை இளைஞர் பிற வழிகளை நாடத் தலைப்பட்ட காலமும் அதுவேயாகும்.

முடிவுரை

இரு வரலாறுகளும் எல்லாவகையிலும் ஒத்தவையல்ல. மொஸ்கோவில் உயிர்கள் பலியாயின. கொழும்பில் ஆசனங்களே பறிபோயின. ரொட்ஸ்கி இறுதிவரை தம் கொள்கைக்காகப் போராடினார். அவர் பெயர்கொண்ட கட்சியோ அமைச்சுப் பதவிக்காகத் தன் கொள்கையைத் தளர்த்தியது. எனினும் அடிப்படையில் ஓர் ஒற்றுமை உண்டு. பெரும்பான்மையின் பக்கம் நிற்கும் வேளையிலே சிறுபான்மையின் உரிமையை விட்டுக்கொடுத்தவர், தாம் சிறுபான்மையாகும்போது அவ்வுரிமையின் நிழலில் ஒதுங்க இயலாதவராயினர். ஜோர்ஜியருக்காகப் பேசவேண்டிய நாளில் ரொட்ஸ்கி பேசவில்லை. தமிழருக்காகப் பேசியவர்கள் அதிகாரம் வந்த நாளிற் பேச்சை மாற்றிக்கொண்டனர்.

இப்படிப்பினை இடதுசாரிகளுக்கு மாத்திரம் உரியதன்று. உரிமை கோரி எழும் எந்த இயக்கமும், தன்னுள்ளே மாறுபட்ட குரலுக்கு இடமளிக்கின்றதா என்பதைக் கொண்டே அதன் எதிர்காலம் கணிக்கப்படும். எமது சமூகத்திலும் அரசியல் இயக்கங்கள் பல தோன்றி மறைந்துள்ளன. அவற்றின் வரலாற்றை எழுதப் புகும் இளம் ஆய்வாளர், வெற்றி தோல்விகளைப் பட்டியலிடுவதோடு அமையாது, இவ்வினாவையும் ஒவ்வோர் இயக்கத்திடமும் எழுப்புவாராயின், அவ்வாய்வு பயனுடைத்தாகும் என்பது எமது துணிபு.