ரப்பர் இலை உதிர்வதை விண்ணிலிருந்து கண்காணித்தல்

மலேசியாவில் நான்கு பருவம் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். பால் குறையும், பால் வெட்டுபவரின் வருமானமும் குறையும். சில வாரங்களில் மீண்டும் தளிர் விடும்.

இந்த மாற்றத்தை இன்று செயற்கைக்கோள்கள் கணக்கெடுக்கின்றன. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. இலை உதிர்ந்தால் இவ்விரண்டின் இடைவெளி சுருங்கும். அதை நாள்வாரியாக வரைந்தால் மரம் எப்போது மொட்டையானது, எப்போது தளிர்த்தது என்பது கோடாகத் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 வகைச் செயற்கைக்கோள்கள் (முதலாவது 2015இல் ஏவப்பட்டது) சுமார் 5 நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கின்றன. சிறுதோட்டக்காரரின் நிலமும் அதில் அகப்படும்.

இதில் பிழைப்பு அடங்கியிருக்கிறது. 2010களின் பிற்பகுதியில் இந்தோனேசிய, மலேசியத் தோட்டங்களில் பூஞ்சணத்தால் வரும் இலையுதிர்வு நோய் பரவியது. பருவத்தில் உதிர்வது இயல்பு. தளிர் முற்றிய பின்னும் உதிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். முந்தைய ஆண்டுகளின் கோட்டோடு ஒப்பிட்டால் எந்தப் பகுதி விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

தொல்லை மேகம்தான். நம் வட்டாரத்தில் வானம் தெளிவாகக் கிடைப்பதே அரிது. ரேடார் மேகத்தை ஊடுருவும், ஆனால் இலையின் பச்சையைச் சொல்லாது. சூரியனின் கோணமும் ஏமாற்றக்கூடும். வறண்ட மாதங்களில் அமேசான் காடு மேலும் பசுமையாகிறது என்று 2006இல் ஒரு குழு கூறியது. அது ஒளிக்கோணத்தின் மாயை என்று 2014இல் வேறொரு குழு மறுத்தது. பிறகு காட்டுக்கு மேலே கோபுரங்களில் பொருத்திய கேமராக்கள், அம்மாதங்களில் மரங்கள் புதிதாகத் தளிர்ப்பதைக் காட்டின.

ரப்பர் தோட்டத்திலும் அப்படியே. கோடு இறங்கியது நோயாலா, வறட்சியாலா, மறுநடவுக்கு மரத்தை வெட்டியதாலா என்பதை உள்ளே நடந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.