காற்றைக் கட்டும் கைத்திறன்

யந்திரங்கள் பெருகிய தேசங்களில் ஜனங்கள் கைவேலையை மறந்துவிடுவார்கள் என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. உண்மை அவ்வளவு எளிதன்று. நியூஸிலாந்தின் மலைச் சரிவுகளில் ஆட்டுப் பண்ணை நடத்துவோரும், அமெரிக்காவில் பட்டணத்துக்கு வெகு தூரத்தில் நிலம் வைத்திருப்போரும், தங்கள் வண்டிச் சக்கரத்தின் டயரைத் தாங்களே கழற்றி மாட்டிக்கொள்வது சகஜம். கடைக்குப் போய் வருவதற்குள் ஒரு பகல் வேலை கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். தன் வண்டியின் இயல்பைத் தானே அறிந்திருப்பதில் உள்ள திருப்தி மற்றொரு காரணம்.

நாம் குறிப்பிடும் வண்டிக்கு ஏ.டி.வி. என்று பெயர். எத்தரையிலும் ஓடும் வண்டி என்பது அதன் பொருள். மோட்டார் ஸைக்கிளில் அமர்வதைப் போலவே இருபுறமும் காலைப் போட்டு அமர்ந்து ஓட்ட வேண்டும். 1970-ம் ஆண்டில் ஹோண்டா கம்பெனியார் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்த யு.எஸ். 90 என்னும் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். குலுங்கலைத் தாங்க வில்லும் சுருளும் கிடையா; பலூன் போல் பருத்த டயர்களே அந்த வேலையைச் செய்தன. மூன்று சக்கர வண்டிகளால் விபத்துக்கள் மலியவே, 1988-ல் அரசாங்கத்துடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கம்பெனிகள் அங்கே அவற்றின் விற்பனையை நிறுத்தின. நாலு சக்கர வண்டி நிலைத்தது. பருத்த டயரும் அதனுடன் நிலைத்தது.

இந்த டயரின் ரகசியம் அதிலுள்ள காற்றின் குறைவுதான். சாதாரண மோட்டார் காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது ராத்தலுக்குச் சற்று முன்பின்னாகக் காற்றின் அழுத்தம் இருக்கும். ஏ.டி.வி. டயரிலோ பெரும்பாலும் 5 ராத்தல் அளவே. ஆகையால் டயர் தரையில் அகலமாகப் பரவி, சேற்றிலும் மணலிலும் புதையாமல் பற்றிச் செல்கிறது.

ஆனால் காற்று குறைந்தால் டயர் ரிம்மை விட்டு நழுவிவிடாதா? நழுவாமலிருக்கவே, டயரின் உள் ஓரத்தில் எஃகுக் கம்பி வளையம் ஒன்றை வைத்து ரப்பரால் மூடியிருக்கிறார்கள். அந்தக் கனத்த ஓரத்தை மெக்கானிக்குகள் 'பீடு' என்பார்கள். தமிழிலே பீடு என்றால் பெருமை அல்லவா? டயரின் பெருமை முழுவதும் அந்த ஓரத்திலேதான் இருக்கிறது! பல ரிம்களில் பீடு வந்து அமரும் இடத்தை அடுத்து ஒரு சிறு மேடும் உண்டு. உட்கார்ந்த பீடு எளிதில் எழுந்திராது. டயர் கழற்றுவோரின் பிரயாசை அனைத்தும் இதனோடுதான்.

வேலை தொடங்கும் முறை இது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுக்களைச் சற்றுத் தளர்த்த வேண்டும். பிறகு ஜாக்கியால் தூக்கி, உறுதியான முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்புவது பேதைமை. அடுத்தபடி வால்வின் உள்ளே இருக்கும் சிறு ஊசியைத் திருகி எடுத்துக் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும்.

இனிப் பீட்டைப் பெயர்க்க வேண்டும். ஓரம் முழுவதும் சோப்பு நீரைத் தடவி, இதற்கென்றே விற்கும் அழுத்துக் கருவியால் ரிம்முக்கு மிக அருகில் அமுக்கினால் பீடு மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கும். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் அமுக்க வேண்டும்; மறுபுறமும் அப்படியே. சிலர் டயரின் மேல் காரை ஏற்றிப் பெயர்ப்பதுண்டு. ரிம் வளைந்துவிட்டால் மிச்சப்பட்ட கூலியைப் போல் பல மடங்கு செலவாகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

பெயர்ந்த பீட்டை ரிம்முக்கு வெளியே எடுப்பதில் பலத்தைவிட யுக்தியே முக்கியம். ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. ஒரு பக்கத்துப் பீட்டை முழங்காலால் அந்தப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் எதிர்ப் பக்கத்தில் இடம் கிடைக்கும். அங்கே டயர் லீவரைச் செருகி, இரண்டு மூன்று அங்குலமாக நெம்பிக்கொண்டே போனால் டயர் தானே வழிக்கு வரும். பள்ளத்தை மறந்து நெம்புகிறவன் நாள் முழுதும் மல்லாடினாலும் ஜயிப்பதில்லை.

புது டயரை மாட்டுமுன் ரிம்மில் படிந்த துருவையும் பழைய ரப்பரையும் துடைக்க வேண்டும். வால்வின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுவது நலம். டயரின் பக்கத்தில் 25x8-12 என்று பொறித்திருந்தால், உயரம் 25 அங்குலம், அகலம் 8 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 12 அங்குலம் என்று கொள்ள வேண்டும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். சோப்பு நீரும் பள்ளமும் மாட்டுவதற்கும் துணையாகும்.

கடைசிக் கட்டம் காற்றடிப்பது. அபாயம் இருப்பதும் இங்கேதான். மேற்சொன்ன அளவுள்ள டயரின் ஒவ்வொரு பக்கச் சுவருக்கும் ஏறக்குறைய 375 சதுர அங்குலப் பரப்பு உண்டு. காற்று 30 ராத்தல் அழுத்தத்தை எட்டினால், ஒரு பக்கத்தின் மீது மாத்திரம் 11,000 ராத்தலுக்கு மேற்பட்ட விசை, அதாவது சுமார் ஐந்து டன் பாரம், முட்டிக்கொண்டு நிற்கிறது! கண்ணுக்குத் தெரியாத காற்றுத்தானே என்று அலட்சியமாக அதன்மேல் குனிந்து நிற்கலாமா?

பீடு அமர்வதற்காக ஏற்றக்கூடிய அதிகபட்ச அழுத்தம் டயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லையை ஒருநாளும் கடக்கலாகாது. நீண்ட குழாயை வால்வில் பொருத்தி, முகத்தையும் விரல்களையும் அகற்றி வைத்துக்கொண்டு, இடையிடையே அளவு பார்த்துக் காற்றேற்ற வேண்டும். 'டப்' 'டப்' என்று இரண்டு சப்தம் கேட்டால் பீடு இருபுறமும் அமர்ந்தது என்று அறியலாம். அமராவிட்டால் காற்றை இறக்கி, மீண்டும் சோப்பு நீர் தடவித் தொடங்குவதே முறை. தீப்பற்றும் ஆவியைத் தெளித்துக் கொளுத்தி டயரை அமரவைக்கும் வித்தையைச் சிலர் வேடிக்கையாகச் செய்து காட்டுவார்கள். அது விஷப் பரீட்சை; வீட்டில் அதற்கு இடமே கூடாது.

அமர்ந்தபின் வண்டியில் ஒட்டியுள்ள குறிப்பின்படி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கார் டயருக்கான அளவுகருவி 5 ராத்தலைச் செவ்வையாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனிக் கருவி உண்டு. இடது வலது டயர்களில் அளவு மாறினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சரிவிலே அத்தகைய சிறு பிழையும் பெரிதாகிவிடக் கூடும். நட்டுக்களையும் வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி சோதிப்பது நல்லது.

தன் கையே தனக்கு உதவி என்பது பழமொழி. அந்தக் கைக்கு வலிமையோடு அளவறிதலும் வேண்டும். டயரில் பொறித்த எண்ணுக்கு மதிப்புக் கொடுத்து, எல்லை வந்ததும் பம்பை நிறுத்திவிடுகிறவனே தேர்ந்த தொழிலாளி. பீடு அமரவில்லையென்றால் கர்வத்தை விட்டுக் கடைக்காரரிடம் சக்கரத்தை எடுத்துச் செல்வதிலும் இழுக்கு ஏதுமில்லை. அந்த வண்டியில் மறுநாள் ஏறப்போகிறவர்கள் நம் வீட்டு மனிதர்கள் அல்லவா?