மெருகும் தேய்மானமும்

சொந்த ஊரை விட்டு வந்து, அயல்மொழி வழங்கும் நகரத்தில் குடித்தனம் நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்குக் கார் என்பது வெறும் வாகனம் அன்று. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மூட்டை முடிச்சுகளோடு நம்மை ஊர் சேர்ப்பது அது. ‘பிள்ளைகள் வெளியூரில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்’ என்பதை, நாம் வாய் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கும் உற்றாருக்குச் சொல்லிவிடுவதும் அதுவே. ஆகவே, அது பளபளவென்று இருக்க வேண்டும் என்று நாம் விரும்புவதில் வியப்பில்லை. அந்த விருப்பத்தினால் நான் செய்த பிழை ஒன்றையும், பின்னர் நான் கற்றுக்கொண்ட முறையையும் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் வசிப்பது ஹப்சிகுடாவில். நிஜாம் காலத்தில் படைப்பணிக்கு வந்த அபிசீனியரான ‘ஹப்ஷி’களின் பெயரால் இவ்விடம் அப்பெயர் பெற்றது என்று கூறுவர். அவர்களும் நம்மைப் போல் பிழைப்பை நாடி நெடுந்தூரம் வந்தவர்களே. 2017 நவம்பரில் நாகோலிலிருந்து மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் அதன் தூண்கள் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இச்சாலையில் பறந்த புழுதியை இங்குள்ளவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். தக்காணத்துப் பாறை நிலத்தின் தூசி மென்மையானதன்று. அது பொடியாக்கப்பட்ட கருங்கல். அத்துடன் சித்திரை, வைகாசி வெயிலும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீரும் சேர்ந்துகொண்டால், காரின் நிறம் என்னவாகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

என் தந்தையார் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் வாங்கிய சிவப்பு நிறக் கார் எங்களிடம் உண்டு. அவர் மறைந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் மட்டுமே ஓடி, மற்ற நாட்களில் வெயிலில் நின்று மங்கிப் போயிற்று. ஒரு பொங்கலுக்கு அன்னையை அதில் ஊருக்கு அழைத்துச் செல்ல எண்ணினேன். அதற்குள் அதனைப் பழையபடி மின்னச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை எழுந்தது. நண்பர் ஒருவரிடம் பாலிஷ் மெஷினை இரவல் வாங்கி வந்தேன். பட்டறைகளில் பயன்படும், ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் மெஷின் அது. ரப்பிங் காம்பவுண்டைத் தாராளமாக இட்டு, பானெட்டின் நடுவே இருந்த மேட்டு விளிம்பில் அழுத்தித் தேய்த்தேன். சில நொடிகளில் வெண்மையான பஞ்சில் சிவப்பு ஏறிற்று. நிறுத்திப் பார்த்தபோது, விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு வர்ணம் வெளுத்து, அடிப்பூச்சு தெரிந்தது.

அன்னை வந்து பார்த்தார்கள். “மங்கலாகவே இருந்திருக்கலாமே, அப்பா!” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள், செகந்தராபாத்தில் நெடுங்காலமாகத் தொழில் செய்யும், வட ஆர்க்காட்டிலிருந்து வந்து குடியேறிய முதிய பெயிண்டர் ஒருவரிடம் காரைக் காட்டினேன். அவர் விரலால் அவ்விடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, பாலிஷ்னா பூசறதுன்னு நினைச்சீங்களா? அது சுரண்டற வேலை” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இத்தொழிலின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மெருகு என்பது புதிதாக ஒன்றைச் சேர்ப்பதன்று; இருப்பதிலிருந்து சிறிது எடுப்பது.

எடுப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இன்றைய கார்களின் உடலில், இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் சமன் செய்யும் பூச்சு, அதன்மேல் நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் ‘க்ளியர் கோட்’ என்னும் நிறமற்ற கண்ணாடி போன்ற பூச்சு என நான்கு படலங்கள் உண்டு. நான்கும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனந்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலேயுள்ள க்ளியர் கோட் மட்டும் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். அதாவது, நம் தலைமயிர் ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பதும் இந்தப் படலத்திலேதான். அதை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால், இன்று பளபளக்கும் கார் சில ஆண்டுகளில் தோலுரிந்தாற்போல் ஆகிவிடும்.

பூச்சு என்பது எளிய விஷயமன்று என்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே சான்று உண்டு. தார்நாகாவில் உப்பல் சாலையில் இருக்கும் இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம், 1944-ஆம் ஆண்டு ஹைதராபாத் சமஸ்தானத்தின் மத்திய ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பட்டு, 1956-இல் மத்திய விஞ்ஞானக் கவுன்சிலின் கீழ் வந்து, 1989-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. எண்ணெய்களையும், பிசின்களையும், மேற்பூச்சுகளையும் பற்றிய ஆராய்ச்சி அங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது. நாம் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அலட்சியமாகத் தேய்க்கும் படலத்தின் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது.

பழைய பழக்கம் புதிய கார்களுக்கு ஏன் ஒவ்வாது என்பதற்குச் சிறிது வரலாறும் தேவை. கார்கள் தோன்றிய காலத்தில் அவற்றிற்கு வார்னிஷ் பூசினார்கள். அது பல அடுக்குகளாக ஏறி உலர வாரக்கணக்கில் ஆகும். 1923-இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி, விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தை ‘டூகோ’ என்னும் பெயரில் வெளியிட்டது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் கார் வர்ணத்தை ‘டூகோ’ என்றே அழைப்பதன் காரணம் இதுவே. அவ்வர்ணம் உலர்ந்ததும் தேய்த்து மெருகிட்டால்தான் ஒளிரும். வெயிலில் மேற்புறம் சுண்ணம் போல் வெளுத்தாலும், அதைத் தேய்த்தெடுத்தால் அடியிலிருந்து அதே நிறம் வெளிப்படும். அம்பாஸடர் காரை ஆண்டுதோறும் அழுத்தித் தேய்த்த நம் பெரியவர்கள் பிழை செய்தவர்களல்லர். அந்தக் காலத்து வர்ணத்துக்கு அது தகும். உலகெங்கும் 1980-களுக்குப் பின் க்ளியர் கோட் பரவிய பிறகு நிலைமை மாறிவிட்டது. வர்ணம் மாறிற்று, கையின் பழக்கம் மாறவில்லை. என் பிழையும் அத்தகையதே.

இனி மெஷினைப் பற்றிப் பார்ப்போம். இதில் இரு வகை உண்டு. ஒன்று, நான் இரவல் வாங்கியது போல் ஒரே அச்சில் சுழல்வது. விரைவாக வேலை முடியும். ஆனால், உராய்வும் சூடும் ஒரே இடத்தில் குவிவதால், தேர்ந்த கைக்கே அது உரியது. மற்றொன்று ‘டூயல் ஆக்ஷன்’ எனப்படுவது. இதன் வட்டு தானும் சுழன்று, சிறு வட்டப் பாதையில் ஆடவும் செய்யும். பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவது போல. அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி தானே நின்றுவிடும். ஆகையால், வீட்டில் செய்பவர்களுக்கு இதுவே ஏற்றது. வட்டின் ஓரத்தில் பேனாவினால் ஒரு கோடு இட்டுக்கொண்டால், அது சுழல்கிறதா, நின்று அதிர்கிறதா என்பதைக் கண்ணாலேயே அறியலாம்.

வேலை தொடங்குமுன் காரை நிழலில் நிறுத்தி, நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பு கலந்த நீர், மற்றொரு வாளியில் துணியை அலசுவதற்கு வெறும் நீர் என இரண்டு வாளிகள் வேண்டும். கழுவிய பிறகும் விரலால் தடவினால் மணல்போல் நெருடும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புப் பொடியும், தாரும், மரப்பிசினும் ஒட்டியிருப்பதே காரணம். ‘க்ளே பார்’ என்னும் களிக்கட்டியை, வழுக்கும்படி ஷாம்பு நீரைத் தெளித்துக்கொண்டு, மெதுவாக ஓட்டினால் அவை வந்துவிடும். கட்டி கீழே விழுந்துவிட்டால் அதனைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாகாது. அதில் ஒட்டிய மண்ணே புதிய கீறல்களை உண்டாக்கும்.

பின்னர், எல்லா விளிம்புகளிலும், மேடான வரைகளிலும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். ஈர வர்ணம் உலரும்போது கூரிய விளிம்பிலிருந்து பின்வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் அங்கே பூச்சு மெலிந்திருக்கும். வட்டின் அழுத்தமோ அங்கேதான் குவியும். நான் அறியாமல் விட்ட படி இதுவே. பம்பர் பிளாஸ்டிக்கினால் ஆனது; இரும்பைப்போல் சூட்டைப் பரப்பாது. அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முன்பு மறுபடியும் பெயிண்ட் அடிக்கப்பட்ட பாகமானால் கனம் எவ்வளவு என்று தெரியாது. அதைத் தொடாமலிருப்பதே நலம். பளபளப்பில்லாத ‘மேட்’ வர்ணத்துக்கோ மெருகே கூடாது.

எப்போதும் மிக மென்மையான பாலிஷையும், மிருதுவான ஃபோம் பேடையும் கொண்டு, ஓர் அடிச் சதுரத்தில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதில் குறை நீங்கினால் அதுவே போதும். நீங்காவிட்டால்தான் அடுத்த படிக்குப் போகலாம். பேடில் பட்டாணி அளவில் மூன்று அல்லது நான்கு பொட்டுகள் போதும். மெஷினைப் பரப்பின்மேல் வைத்த பிறகே ஓட வேண்டும். நின்ற பிறகே எடுக்க வேண்டும். இரண்டடிச் சதுரத்தில் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு நடு வேகத்துக்கு மேலாக வைத்து, முதலில் நெடுக்கும் பின் குறுக்குமாக மூன்று நான்கு முறை ஓட்டுக. ஒவ்வொரு முறையும் முன் சென்ற தடத்தின் பாதியை மூட வேண்டும். கை நத்தையின் நடையாக நகர வேண்டும்; மெஷினின் எடைக்குமேல் சிறிதளவு அழுத்தமே தேவை. பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் விளக்கின் ஒளியில் பார்க்கவும்.

விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் தெரியும் கோடுகளைக் கண்டிருப்பீர்கள். உண்மையில் அவை வட்டக் கோடுகளல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் நுண்ணிய கீறல்களில், ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புபவை மட்டும் வட்டமாகத் தோன்றுகின்றன. இவை மெருகினால் மறையும். ஆனால், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறல் ஆழமானது. அதைப் போக்க முனைந்தால் சுற்றிலுமுள்ள பூச்சு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க நேரும். அத்தகைய கீறலுடன் வாழக் கற்றுக்கொள்வதே அறிவுடைமை.

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி நம்மை ஏமாற்றுவதும் உண்டு. நீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எல்லாம் முடிந்தபின் மெழுகோ சீலன்டோ பூசிப் பாதுகாக்க வேண்டும். இதுவே உண்மையில் ‘பூசும்’ வேலை.

பாதுகாப்பையும் மறக்கலாகாது. வேட்டி நுனியும், தோளில் கிடக்கும் துண்டும், கைச்சங்கிலியும் சுழலும் வட்டுக்குப் பகை. மின்கம்பியைத் தோளின்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டியை வைக்கலாகாது. கண்ணாடியும் முகக்கவசமும் அணிக. ஐந்தாறு மணி நேர வேலை இது. கோடையில் விடியற்காலையில் தொடங்கி, தகடு சுடும் முன் நிறுத்திவிட வேண்டும். மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் கற்றபின் எனக்குத் தோன்றிய உண்மை ஒன்று உண்டு. மெருகிடுவதைவிட, மெருகு தேவைப்படாமல் காப்பதே பெரிய கலை. முறையாக ஒரு முறை மெருகிட்டால் சில மைக்ரான்கள் போகும். மீண்டும் மீண்டும் செய்தால் கணக்குத் தீர்ந்துவிடும். அக்கீறல்கள் வருவது எங்கிருந்து? பெரும்பாலும், அடுக்குமாடி வீடுகளில் தினமும் காலையில் தூசி படிந்த காரை ஒரே வாளி நீரில், ஒரே துணியால் துடைக்கும் வழக்கத்திலிருந்துதான். குற்றம் துடைக்கும் தொழிலாளியினுடையதன்று. ஒரு மணி நேரத்தில் பல கார்களை முடித்தாக வேண்டிய நிலை அவருக்கு. அவருக்கு இரண்டு நல்ல துணிகளை வாங்கிக் கொடுத்து, “தினமும் வேண்டாம், வாரம் இருமுறை நிறைய நீர் ஊற்றிக் கழுவினால் போதும், கூலி அதேதான்” என்று சொன்னேன். அவரும் மகிழ்ந்தார், காரும் பிழைத்தது.

எங்கள் காரின் மற்றப் பாகங்களை, டூயல் ஆக்ஷன் மெஷினைக் கொண்டு, மென்மையான பாலிஷால் ஒருமுறை மட்டும் மெருகிட்டேன். முழுதும் புதிதுபோல் ஆகவில்லை. ஆனால், முகம் தெரியும் அளவுக்கு ஒளி வந்தது. பானெட் விளிம்பிலிருந்த காயத்துக்கு அந்த முதியவரே தூரிகையால் ‘டச்சப்’ செய்து கொடுத்தார். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். பானெட் முழுவதையும் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று அன்னையைக் கேட்டேன். “உன் அப்பா வாங்கிய நிறம் மீதி இருக்கிறதே, அது போதும்” என்றார்கள்.

அந்தப் பொங்கலுக்கு அந்தக் காரிலேயே ஊர் போய்ச் சேர்ந்தோம். வழிப் புழுதியெல்லாம் அதன்மேல் படிந்திருந்தது. என் மாமா உடனே தோளிலிருந்த துண்டை எடுத்துத் துடைக்க வந்தார். நான் ஓடிச் சென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, முதலில் தண்ணீர்!” என்றேன்.