தன் கருவியைத் தானே ஆக்கியவர்

கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமோ என்பது பழமொழி. தனக்கு வேண்டிய கருவியைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லவனிடம் கருவி விற்கச் செல்வது பேதைமையன்றோ? இப்பழமொழி நம்மூர்க் கொல்லன் தெருவுக்கு மாத்திரமன்று, உலகின் பெரிய இயந்திரசாலைகளின் வரலாற்றுக்கும் பொருந்துவதாகும். அது எங்ஙனம் என்பதை இங்கே காண்போம்.

ஸ்கொத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரிலே 1808ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஜேம்ஸ் நாஸ்மித். அவருடைய தந்தையார் பெயர்பெற்ற ஓவியர். பொறிகள் செய்வதிலும் பெருவிருப்புடையவர். வீட்டில் இருந்த தந்தையாரின் சிறு பட்டறையே மைந்தருக்கு முதற் பள்ளிக்கூடமாயிற்று. நாளடைவில் அவர் தமது படுக்கையறையையே பித்தளை வார்க்கும் களமாக்கிக்கொண்டார். குளிர்காய்வதற்கு அமைந்த அடுப்பே அவருக்கு உலை. கீழறையில் உறங்கும் தந்தையாரின் துயில் கலையாவண்ணம் அச்சுமணலை ஓசையின்றி இறுக்குவாராம். இவ்வாறு செய்த நீராவி எந்திர மாதிரிகளை விற்றுப் பெற்ற பணம் அவருடைய கல்விச் செலவுக்கு உதவிற்று.

1829ஆம் ஆண்டிலே நாஸ்மித் தந்தையாருடன் இலண்டன் சென்று, அக்காலத்தில் இயந்திரத் தொழிலின் தலைமகனாய் விளங்கிய ஹென்றி மோட்ஸ்லியைக் கண்டார். மோட்ஸ்லியோ பன்னிரண்டு வயதிலேயே வுல்விச் படைக்கலச்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கைத்திறனால் உயர்ந்தவர். பணம் கட்டிச் சேர்ந்த மாணவர் சிலரால் சலிப்புற்று, இனி எவரையும் சேர்ப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்த வேளை அது. ஆயினும் இளைஞர் கொண்டுவந்த சிறு நீராவி எந்திரத்தைக் கூர்ந்து நோக்கியதும் அவர் மனம் மாறிற்று. பயிற்சி எதுவும் வேண்டா என்று கூறி, வாரம் பத்துச் சிலிங் சம்பளத்தில் தமது சொந்த உதவியாளராகவே அமர்த்திக்கொண்டார். எழுத்தில் எழுதிய நற்சான்றுகள் சாதியாததை ஒரு கைவேலை சாதித்தது. பின்னாளில் நீராவிச் சம்மட்டியை வகுத்துப் புகழ்பெற்றவர் இந்த நாஸ்மித்தே.

மோட்ஸ்லியின் பட்டறையிலே தொழிலாளர் தம் வேலையைச் சோதித்தற்பொருட்டு மட்டத் தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அளந்து காட்டும் நுண்மானி ஒன்றும் இருந்தது. அதற்கு அப்பால் முறையீடு இல்லை என்னும் கருத்தில், இங்கிலாந்தின் உயர்ந்த நீதிப் பதவியின் பெயரால் அதனைப் ‘பிரபு சான்சலர்’ என வழங்கினர்.

இங்கே ஒரு வினா எழுதல் இயல்பு. முதன்முதலிற் செய்த மட்டத் தட்டு சமமானது என்பதை எதனைக்கொண்டு அறிந்தனர்? இதற்குரிய முறையை, மோட்ஸ்லியிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வர்த் 1840இல் கிளாஸ்கோ நகரில் நடந்த அறிஞர் கூட்டத்திலே விளக்கினார். ஒரு தட்டில் வர்ணத்தை மெல்லெனப் பூசி, அதன்மேல் மற்றொரு தட்டை வைத்துத் தேய்த்தால், மேடான இடங்களில் மாத்திரம் வர்ணம் பற்றும். அவ்விடங்களைச் சுரண்டியாற் சிறிது சிறிதாகச் சுரண்ட வேண்டும். ஆயினும் இரண்டு தட்டுகள் மாத்திரம் இருப்பின் ஏமாற்றம் நேரலாம். ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்து, ஒன்றோடொன்று பொருந்திவிடக்கூடும். மூன்றாவது தட்டு ஒன்று வந்துவிட்டாலோ அப்பொய் நிலையாது. மூன்றையும் மாறி மாறியும் திருப்பித் திருப்பியும் ஒப்பிடுங்கால், எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்த வேண்டுமெனில் மூன்றும் சமமாயிருத்தல் வேண்டும். வேறு வழியில்லை.

இதனை ஒத்த சோதனை ஒன்றை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நேரான விளிம்புடைய பலகையொன்றில் மூலைமட்டத்தை அணைத்து ஒரு கோடு வரைக. மட்டத்தைப் புரட்டி, அதே இடத்தில் மறுபடியும் ஒரு கோடு வரைக. இரண்டும் ஒன்றிவிட்டால் மட்டம் சரியானது. விலகினால், அவ்விலகல் மட்டத்தின் பிழையைப்போல் இருமடங்காகும். பிழையை ஒளிக்காது பெருக்கிக் காட்டுவதே நல்ல சோதனை.

பிற்காலத்திலும் மேல்நாட்டு இயந்திரசாலைகளிலே தொழில் பயிலும் இளைஞர் முதலில் உளியாற் செதுக்கவும் அரத்தால் அராவவும் பழக்கப்பட்டனர். இரும்புத் துண்டொன்றைச் சதுரமாக அராவும் பயிற்சியில் உள்ளங்கை கொப்புளித்துவிடும். பின்னர் மூலைமட்டம், கவராயம், பற்றிறுக்கி முதலியவற்றைத் தமக்கெனச் செய்துகொள்வர். தேய்ந்த அரத்திலிருந்து கோடு கீறும் ஊசியொன்றைச் செய்வதும் உண்டு. அவ்வுருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினமாகும். ஆனாற் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே அதனைத் துலக்கி, மீண்டும் இளஞ்சூட்டிற் காய்ச்சுவர். ஏறக்குறைய 230 பாகை சென்ரிகிறேட்டில் வைக்கோல் நிறம் தோன்றும். அக்கணமே நீரில் இடல் வேண்டும். சற்றுத் தாமதித்து 300 பாகையளவில் நீலம் படர்ந்தாலோ, முனை மென்மையாகிவிடும். கண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

இத்தகைய கருவிகளிலே செய்தவர் தம் பெயரைப் பொறித்து, வாழ்நாள் முழுவதும் பேணுவர். அவர் மறைந்தபின் அப்பெட்டி பழைய இரும்பாக நிறுத்து விற்கப்படுவதும் உண்டு. இந்நாளிலே கணினி இயக்கும் பொறிகள் இமைப்பொழுதில் நுட்பமான வேலையை முடித்துவிடுகின்றன. கடையில் மலிவாகக் கிடைக்கும் மட்டத்தைக் கையாற் செய்ய எவரும் நாட்களைச் செலவிட வேண்டியதில்லைதான். ஆயினும் அராவிய கைக்குக் கிடைத்தது மட்டம் மாத்திரமன்று. தன் பிழையைத் தானே கண்டு, பிறர் சொல்லாமலே திருத்தும் பழக்கமும் அதனோடு கிடைத்தது. இது எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று.

வீட்டின் மூலையிலே பாட்டனாரின் கருவிப் பெட்டி துருவேறிக் கிடக்குமாயின், அதனை விற்குமுன் ஒருமுறை திறந்து பார்ப்போமாக. எண்ணெயிட்டுத் துடைத்து, பிள்ளையின் கையில் ஓர் அரத்தையும் இரும்புத் துண்டையும் கொடுப்போமாக. முதல் நாளில் அது கோணலாகவே அமையும். அக்கோணலை அப்பிள்ளை தானே கண்டுகொண்டால், பயிற்சி தொடங்கிவிட்டது எனலாம்.