சங்கு ஊதினா எந்தப் பக்கம் ஓடணும்?

போபால், 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷ வாயு கசிய, கண்ணெரிந்து எழுந்த ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கியது. விஷமும் கூடவே உள்ளே போனது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 'முகத்தில் ஈரத்துணி, காற்றுக்குக் குறுக்கே நட!' இந்த ஒரு வரியை முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

அப்புறம்தான் உலகம் முழித்துக்கொண்டது. பக்கத்து ஆலையில் என்ன ரசாயனம் என்று கேட்கும் உரிமையை அமெரிக்கா 1986-ல் கொடுத்தது. ஆலை, அரசு, ஊர்க்காரர்கள் மூவரும் சேர்ந்து ஒத்திகை பார்க்கச் சொன்னது ஐ.நா.வின் 1988 'அப்பெல்' திட்டம். நம் நாட்டிலும் 1996-ல் விதிகள் வந்தன.

வந்து? 2020-ல் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரின் கசிந்தபோது ஆலைச் சங்கு ஊதவேயில்லை. 12 பேர் பலி.

என்னைக் கேட்டால், ஃபைலில் தூங்குகிற திட்டம் யாரையும் காப்பாத்தாது. ஆபீஸில் ஸ்கோர் விசாரிக்கிற நாம, பக்கத்து ஆலையில என்ன இருக்குன்னு ஒரு தடவை விசாரிச்சா என்ன ஸார்?